ஓரி என்று கூப்பிட்டுப் பார்த்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். என் முட்டியும் அவர் பல்லும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் உன் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் மாமியாரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன் பார்த்துக்கொள், சம்பந்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. உனக்குத் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, இடுப்பு வலி விட்டதா, போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ம் என்கிறாய், அது எந்த ம் என்று எனக்கு விளங்கவில்லை. இதை நம் கண் டாக்டருடைய தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவர் நீ இருக்கிற பக்கம்தான் வேலையாக வருகிறார், தபாலில் போட்டால் பிள்ளை நடக்கப் பழகின பிறகுதான் வந்து சேரும். போனிலேயே சொல்லலாமே என்பாய். உங்கள் வீட்டில் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் மேஜை மேல் வைத்துவிடுகிறீர்கள், நான் இங்கே இருமினால் அங்கே எல்லாருக்கும் கேட்கிறது, அப்படி வைத்துக்கொண்டு ஒரு தாய் மகளிடம் என்ன பேச முடியும். ஆகையால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. எழுத்து கோணலாகத்தான் வரும், ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியது யார் என்று உனக்குத் தெரியும், அதை இப்போது எடுக்கவில்லை.

போன தடவை பேசும்போது நீ அழுதாய். எதற்கு என்று தெரியாதவள் மாதிரி நான் குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை. பிள்ளைக்கு ஓரி என்று பெயர் வைக்கப் போகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. குட்டி பால் குடித்தானா, பயல் தூங்கினானா, சின்னவருக்குச் சளி இறங்கினதா என்று என்னென்னவோ சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை, நீயும் அதைக் கவனித்திருக்கிறாய். "என் மாமியார்தான் இவன் அவன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க, நீயும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேங்கிற. ரெண்டு பாட்டி வாயிலயும் வராத பேரை நான் எதுக்கும்மா கட்டிக்கிட்டு அழணும்? விட்டுடறேன். அவங்க கேக்குற மாதிரி மாமனார் பேரையே வெச்சுக்கட்டும்" என்றாய். இந்த மாதம் முடிவதற்குள் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன். விடு என்று சொல்கிறேனா, விடாதே என்று சொல்கிறேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன், கதைப் புத்தகத்துக்குச் செய்கிற மாதிரி கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் நடந்ததை முதலில் படித்துக்கொண்டு வா.

எனக்கு அந்தப் பெயர் மேல் கோபம் இல்லை. அது வந்த வழி மேல்தான் கோபம். ஆபீஸ் சிநேகிதிக்குச் சொன்னாய், ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்குச் சொன்னாய், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாய், அதற்குப் பிறகு எங்களுக்குப் போன் பண்ணி, "அம்மா, பேரு முடிவாயிடுச்சு" என்று மழை பெய்த சேதி மாதிரி சொன்னாய். சொன்னாய், கேட்கவில்லை. மாப்பிள்ளை குறுக்கே வந்து, "பழைய காலத்து வில்வீரன் பேரு அத்தை, கேட்டவங்களுக்கெல்லாம் வாரிக் குடுத்தவன், சின்னப் பேரு, எந்த ஊருக்குப் போனாலும் யார் வாயிலயும் நுழையும்" என்றார். நுழையும் நுழையும், கதவில்லாத வீட்டில் எதுதான் நுழையாது என்று வாய் வரைக்கும் வந்தது, மாப்பிள்ளையாயிற்றே என்று விழுங்கினேன். உன் அப்பா அப்போது யாருடையதோ ஒரு மேஜை மின்விசிறியைக் கழற்றித் தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். நான் பெயரைச் சொல்லாமல், போனை அவரிடம் நீட்டி நீயே சொல் என்றேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "மீதி எங்கம்மா?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே இன்னும் பாதி வரும் என்று நினைத்துத்தான் ஸ்குரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை சொல்லு, என்னவோ நான் அங்கே பெருக்கித் துடைக்கிறேன் என்று அவர்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண் டாக்டரிடம் வருகிறவர்களை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் வேலை. எங்கள் கூடத்தில் பாதிப் பேர் கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். கையைக் காட்டிக் கூப்பிட முடியாது, காதுதான் அவர்களுக்குக் கண். முதல் தடவை கூப்பிடுவது தூக்கத்திலிருந்து எழுப்ப, இரண்டாவது தடவை பெஞ்சிலிருந்து எழுப்ப. மூன்றாவது கிடையாது, சீட்டு அடியில் போய்விடும். ஊரெல்லாம் வைக்கிற பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டே எழுந்து ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். நீளப் பெயர்க்காரர்கள் நான் பாதி சொல்லும்போதே எழுந்து பாதி வழி வந்துவிடுவார்கள். சில பெயரின் கடைசியை மின்விசிறி தின்றுவிடும், தண்ணீர் டிரம் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்ச் சேராது. இத்தனை வருஷம் இதையே செய்கிறவளுக்கு, ஒரு பெயரைக் கேட்டதும் அது எந்தப் பெஞ்சு வரைக்கும் போகும் என்று தெரிந்துவிடும். ஓரி முதல் பெஞ்சைத் தாண்டாது என்று நினைத்தேன். தாண்டாது என்று உன்னிடம் ஆதாரத்தோடு சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

நீ அழுத மறுநாள் டாக்டர் கை கழுவப் போயிருந்தார், அடுத்த சீட்டு ஒரு டீச்சருடையது, அவர்களுக்கு மருந்து இன்னும் ஏறவில்லை. கூடம் நிறைய ஆட்கள். நான் ஸ்டூலை விட்டு எழுந்து, ஓரி என்று ஒரு தடவை கூப்பிட்டேன். மூடின கண்ணோடு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. வேறு பெயரைக் கூப்பிட்டால் நம்முடையது இல்லை என்று அப்படியே கிடப்பார்கள். இது யாருடையது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியை இழுத்து இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன், தண்ணீர் டிரம் வரைக்கும் போனது, அதைத் தாண்டி வாசல் செருப்பு வரைக்கும்கூடப் போனது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்குள் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்து, வந்துட்டேன் வந்துட்டேன் என்று என்னைத் தாண்டி உள்ளே போய், மெஷினில் தாடையை வைத்து உட்கார்ந்துகொண்டார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கண்ணில் தூசி விழுந்து வந்தவர். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீச்சர் சீட்டையும் இவர் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். உங்க பேரு என்ன என்று கேட்டார். "இப்ப இந்தம்மா கூப்பிட்டாங்களே, அதுதான் சார்" என்றார் அவர். என்ன கூப்பிட்டாங்க என்றால், "ஏதோ சின்னதா ஒண்ணு சார்" என்றார். பிறகு அவரே ஒத்துக்கொண்டார். "வண்டி நடுரோட்டுல நிக்குது சார், ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, ஒருத்தரும் எழுந்திரிக்கல. சும்மா கிடக்குற பேருதானேன்னு எடுத்துக்கிட்டேன்."

கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இல்லாத ஆளை எதுக்கும்மா கூப்பிடுறீங்க?" என்று கோபித்தார். "ஆள் இருக்கான் டாக்டர், இந்த ஊர்ல இல்ல, அவ்வளவுதான். என் பேரன்" என்றேன். அவர் சிலிண்டர்காரர் கண்ணில் இருந்த தூசியை எடுத்து அனுப்பினார். நான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சும்மா கிடக்குற பேரு என்று அந்த ஆள் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை, அதைச் சும்மா போட்டு வைத்திருந்தது யார். பெற்றவள் ஆசையாக எடுத்து வைத்த பெயர், நான் சொல்லவில்லை, உன் மாமியார் சொல்லவில்லை, மழைக்கு ஒதுங்கினவன் விட்டுப் போன குடை மாதிரி கிடக்கிறது, கேஸ்காரர் எடுத்துக்கொண்டு போகிறார். டீச்சர் பெயரை அன்றைக்குத் தப்பாகக் கூப்பிட்டேன்.

இது இப்படி இருக்க, அந்த வாரக் கடைசியில் உன் பெரியத்தை வந்து இறங்கினாள். உன் அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார், அவருக்கு அக்காவிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டா. வந்ததும் கூடத்தில் உட்காரவில்லை, நேராகச் சமையலறைக்கு வந்து, நான் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். "ஓரியாம்ல? ஓரமா நின்னு எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. பேருன்னா கூப்பிடும்போது வாய் நிறைய வேண்டாமா?" என்றாள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பையன் பொறந்தா வைக்கணும்னு நான் அந்தக் காலத்துலயே ஒரு பேரு வெச்சிருந்தேன், உனக்குத்தான் தெரியுமே. பொண்ணுக்கு வெச்சிருந்ததை உன் மகளுக்குக் குடுத்தேன். அதோட ஜோடி இது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பொருத்தமா இருக்கும்" என்றாள். குடுத்தேன் என்கிறாள், கேட்டாயா.

உனக்கு இது அரைகுறையாகத் தெரியும், முழுசாகத் தெரிந்துகொள். நீ வயிற்றில் இருக்கும்போது நான் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தேன். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். நீ பிறந்து எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், அக்காவும் தம்பியும் பதிவு ஆபீசுக்குப் போய், அவள் பெயரை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். கட்டில் ஓரத்தில் நின்று, "அக்கா ஆசைப்பட்டுட்டா, நான் என்ன பண்றது" என்றார் உன் அப்பா. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை, அதில் இரண்டாவது பொத்தான் வேறு நிறம், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு என் பிள்ளையா கிடைத்தாள். அந்தப் பெயரை இன்று வரைக்கும் நான் வாயால் சொன்னதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டேன், உன் சிநேகிதிகள் அம்மாவுக்கு எவ்வளவு செல்லம் என்பார்கள், செல்லமும்தான், ஆனால் அது இரண்டாவது காரணம். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் டீச்சர் உன் பெயரைக் கூப்பிட்டால் நீ திரும்பியே பார்க்க மாட்டாய். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று எழுதி அனுப்பி, நானும் உன்னை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போய், அவர் உன் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்து, காது பாம்புக் காது, வீட்டில் பிள்ளையை என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் உன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். இதை நான் மனம் கசந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே, நாளைக்கும் நீ பாப்பாதான், அதில் மாற்றம் இல்லை. ஒரு வீட்டில் ஒரு வாய் மூடிக்கொண்டால் ஒரு பெயருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆக, உன் பெரியத்தை முக்காலியில் உட்கார்ந்து ஜோடிப் பெயரைச் சொன்னாள். நல்ல பெயர்தான், அதிலும் நான் பொய் சொல்ல மாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, உங்க பேரு ஏற்கெனவே ஒண்ணு எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு, ஒரு வீட்டுக்கு அது போதும். பேரனுக்குப் பேரு வெச்சாச்சு. ஓரி" என்றேன். முதல் தடவையாக ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அப்போதுதான், அதுவும் சண்டையில். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "உனக்கு இன்னும் அதே ஆத்திரம்தானா?" என்றாள். "எனக்கு ஆத்திரமே கிடையாது அண்ணி, ஞாபகம்தான்" என்றேன். உன் அப்பா கூடத்தில் அந்த மின்விசிறியை மூன்றாவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை உள்ளே வரவில்லை. அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வழக்கம்போல வரும்போது ஒரு சமாதானம் கொண்டு வருவார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். வந்து செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், "சொல்லிட்டேன்" என்றார். என்னத்தை என்றேன். "பெத்தவங்க வெச்சுட்டாங்க, அதுதான் பேரு, இனிமே அதைப் பத்திப் பேச வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாளாம். அந்த வார்த்தையை எந்த நாளில் சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை இப்போது பேசி என்ன. சாப்பாடு போட்டேன். ஒரு கரண்டி கூடப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இனி உன் மாமியார் விஷயம். நீ கோபப்படுவாய், பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை நீ தூங்குகிற நேரம் பார்த்து, அவர்களுடைய போனுக்கே கூப்பிட்டேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினேன். சண்டைக்குத்தான் போனேன், அதையும் மறைக்கவில்லை. "சம்பந்தியம்மா, பேரனுக்கு என்ன பேரு வைக்கணும்னு உங்களுக்கு ஆசை?" என்றேன். "அவங்க பேருதான்" என்றார்கள். எவங்க பேரு என்றேன். "எங்க வீட்டுக்காரங்க பேரு, வேற யார் பேரு." "அது தெரியுது, பேரைச் சொல்லுங்க, நானும் இங்க நாலு பேருக்குச் சொல்லணும்ல." அந்தப் பக்கம் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பையன்கிட்ட கேட்டுக்குங்க" என்றார்கள். நான் விடவில்லை. "சரி, பிள்ளை வளந்து மாடிப்படியில ஓடுறான், கால் தடுக்குது, என்னன்னு கத்துவீங்க?" என்றேன். "டேய்னு கத்துவேன்" என்றார்கள். "தெருவுல பத்து டேய் ஓடும் சம்பந்தி, உங்க டேய் எதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அதைக் கேட்டு அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.  பிறகு அவர்களாகவே சொன்னார்கள். "அவங்க பேரை நான் ஒரே ஒரு தடவைதான் வாயால சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினப்ப, பேஷண்ட் பேரு என்ன, பேரு என்னன்னு சீட்டு எழுதுற பொண்ணு கத்துச்சு. பையன் வண்டியை நிறுத்தப் போயிட்டான். நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க கண்ணு முழிக்கல."

 வாயில் வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த மனுஷிக்கு அந்தப் பெயர் வீட்டில் கேட்க வேண்டும், ஆனால் அவர்களால் சொல்ல முடியாது, வேறு யாராவது நாள் முழுக்கச் சொல்ல, அவர்கள் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் அந்த ஆசை. ஆசையில் தப்பு இல்லை. ஆனால் அவர்கள் வாய்க்கு எட்டாத பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை அவர்கள் மடியிலேயே வளர வேண்டும். உன்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவள் நான், அந்தக் கூத்து எங்கே போய் முடியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். சம்பந்தியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாச்சு என்றார்கள். வைக்கப் போகிற நேரத்தில், "நீங்க அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார்கள். கூப்பிடுவேன் என்றேன். "பாப்போம்" என்றார்கள். சரி என்று சொல்லவில்லை. பாப்போம் என்றுதான் சொன்னார்கள். நான் இதற்கு மேல் ஒன்றும் கூட்டி எழுதவில்லை.

ஆகவே பாப்பா, விடாதே. ஓரி என்றே வை. உன் மாமியாருக்கு எதிராக வை என்று நான் சொல்லவில்லை, பெரியத்தைக்கு எதிராக என்றும் சொல்லவில்லை, அவளுக்கு எதிராக என்னிடம் வேறு நிறைய இருக்கிறது. என்னைக் கேட்காமல் வைத்தாய் என்ற கோபம் எனக்கு இருக்கும், அது என் பெட்டியில் மற்றதோடு இருக்கட்டும், அதைக் கொண்டுபோய்ப் பிள்ளை தலையில் வைக்க மாட்டேன். உன் மாமியாரிடம் பெயரைச் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று நீ நச்சரிக்காதே, மாப்பிள்ளையையும் பேசச் சொல்லாதே, மகன் தாயிடம் பேசினால் அது பெண்டாட்டி பேசின மாதிரிதான் விழும். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலையை அவர்களிடம் விட்டுவிடு. உனக்கும் இடுப்புக்கு நல்லது. சோப்புப் போட்ட பிள்ளை கையில் நிற்காது, வழுக்கும், கத்தும், நெளியும், அந்த நேரத்தில் யாராலும் இவன் அவன் என்று பேசிக்கொண்டிருக்க முடியாது, ஏதாவது ஒன்று வாயில் வந்தாக வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரும். வரும்போது நீ எட்டிப் பார்க்காதே, கேட்காத மாதிரி உன் வேலையைப் பார். உன் மாமனார் படத்தைக் கூடத்தில் பிள்ளை கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு, இது உன் தாத்தா என்று மாப்பிள்ளை பெயர் சொல்லியே காட்டட்டும், அவர்களுக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிடும்.

பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும் கழுத்தடியில் கை கொடுத்துத் தூக்கு. பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டாமல் படுக்க வைக்காதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே, இரும்பு மாத்திரையை விழுங்கினேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் போடுகிற ஆள் நீ, அது எனக்கு மறக்கவில்லை. டாக்டர் தம்பியிடம் பிள்ளைக்கு இரண்டு பருத்திச் சட்டையும் ஒரு போர்வையும் கொடுத்திருக்கிறேன், துவைத்துவிட்டுப் போடு. அவரை வாசலோடு அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு, பிள்ளையைக் காட்டு, அவர் திரும்பி வந்ததும் என்னிடம் ஜாடை யாருடையது என்று சொல்ல வேண்டும், நீங்கள் அனுப்புகிற படத்தில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆள் மாதிரி இருக்கிறான்.

முக்கியமானது ஒன்று. பதிவு ஆபீசுக்கு நீயே போ. மாப்பிள்ளை நல்லவர்தான், இருந்தாலும் அவரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருக்காதே, உடம்பு முடியாவிட்டால் முடிகிற நாளில் போ. பிள்ளையை எடுத்துக்கொண்டு போய், அந்த மேஜைக்கு முன்னால் நின்று, உன் வாயால் சொல்லு. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி, இவ்வளவுதானா என்று கேட்பார். இனி அவன் போகிற இடத்தில் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள். வில்வீரன் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்காதே. இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, அவர் எழுதினதை ஒரு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

ஓரி நோய் நொடி இல்லாமல், வாய் நிறையப் பல் முளைத்து, நாலு பேரைத் தானே கூப்பிடுகிற அளவுக்கு வளர்ந்து நன்றாக இருக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஓரியின் பாட்டி